காவிரிப் படுகையில் ஒரு நாள்: பட்டறை நேரத்தை வைத்துப் போடும் பயணத் திட்டம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு கோயில் பட்டியலோடு வருகிறார்கள். காலையில் நான்கு, மாலையில் நான்கு என்று ஓடி முடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கோயில்களுக்கு விக்கிரகம் வார்த்த கைகள், குத்துவிளக்கு கடைந்த பட்டறை, பட்டு நெய்த வீடு எல்லாம் அதே வழியில் எட்டு, பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அவற்றுக்கு நேரம் ஒதுக்குகிறவர்கள் குறைவு. ஒதுக்குகிறவர்களும் தவறான நேரத்தில் போய், பூட்டிய பட்டறையையும் திறந்த கடையையும் பார்த்துத் திரும்புகிறார்கள்.

இந்தத் திட்டம் தூரத்தை வைத்துப் போட்டதல்ல. எந்த வேலை எந்த நேரத்தில் நடக்கிறது என்பதை வைத்து இடங்களை அடுக்கியிருக்கிறோம். அதனால் வரைபடத்தில் பார்த்தால் ஓரிரு இடத்தில் போன வழியே திரும்பி வருவதுபோல் இருக்கும். சுருக்கலாமே என்று வரிசையை மாற்றினால் பாதிப் பயணம் வீணாகும்.

வழி இதுதான்: தஞ்சாவூர், திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், நாச்சியார்கோவில், மறுபடி கும்பகோணம், திருபுவனம், தாராசுரம், தஞ்சாவூர். மொத்தம் ஏறக்குறைய 130 கி.மீ. உள்ளூர்ச் சுற்றல்களையும் சேர்த்து 150 கி.மீ. என்று வண்டிக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வருவது

ஆற்றில் தண்ணீர் ஓடும்போது வர வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கிளையாறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் பிரிந்து போக இன்னும் சில நாள். அணையில் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போனதும் உண்டு. ஆகவே தேதி குறிக்கும் முன் அந்த ஆண்டு தண்ணீர் விட்டார்களா என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் மே வரை வந்தால் மணலைத்தான் பார்ப்பீர்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஆறு நிறைந்து ஓடும். ஒரு வயலில் குறுவைக் கதிர் நிற்கும், பக்கத்து வயலில் சம்பாவுக்கு நாற்று விட்டிருப்பார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது வர வேண்டாம் என்று சொல்வதற்கு மழையில் நனைவது காரணமல்ல. ஈரக் காற்றில் மண் அச்சு காயாது, அதனால் வார்ப்பு வேலை தள்ளிப்போகும். எங்கள் கணக்கில் சிறந்தது பொங்கலுக்குப் பிந்தைய வாரம். சம்பா அறுவடை நடக்கும், வெயில் தாழ்ந்திருக்கும், தண்ணீரும் மிச்சமிருக்கும். ஆனால் தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும். ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். அந்த நாட்களில் திருவையாற்றில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

அமாவாசை நாளைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஆசாரிமார் பட்டறைகளிலும் நெசவு வீடுகளிலும் அன்று கருவியைத் தொடாத வழக்கம் பரவலாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலும் பல பட்டறைகள் ஓடாது. செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பிடியுங்கள்.

வழிகாட்டியும் முன்னேற்பாடும்

பட்டறைகளுக்கு வழிகாட்டி தேவை. கோயில் சிற்பத்தை நீங்களே படித்துப் பார்த்துவிடலாம். வேலை நடக்கும் இடத்துக்குள் முன்பின் தெரியாதவர் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரா என்று முதலில் கேளுங்கள். பிறகு இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

சுவாமிமலையில் அழைத்துப் போவது கடைக்கா, பட்டறைக்கா? பட்டறையில் அன்றைக்கு எந்தக் கட்டம் நடக்கும் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? வாங்கினால்தான் பார்க்க விடுவார்கள் என்ற நிபந்தனை உண்டா? முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறொருவரைப் பாருங்கள். வாங்கும் பொருளின் விலையில் வழிகாட்டிக்குப் பங்கு போகும் இடங்கள் இருக்கின்றன. அதைத் தவிர்க்க எளிய வழி, அவருக்கு நாள் கூலியை முன்பே பேசி முழுதாகக் கொடுத்துவிடுவதும், பட்டறையில் வேலையை நிறுத்திக் காட்டுகிறவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுப்பதும்தான்.

வழிகாட்டி மூன்று நாள் முன்னதாகச் சுவாமிமலைக்கும் நாச்சியார்கோவிலுக்கும் பேச வேண்டும். உலோகம் ஊற்றும் வேலை தினமும் நடப்பதல்ல. அச்சுகள் சேர்ந்து காய்ந்த பிறகு, ஒரு நாள் குறித்து ஊற்றுவார்கள். அந்த நாளும் உங்கள் நாளும் ஒத்துப்போனால் பெரிய வாய்ப்பு. ஒத்துப்போகாவிட்டாலும் மெழுகு வேலையும் உளி வேலையும் எப்போதும் நடக்கும்.

குழு நான்கு பேர், மிஞ்சினால் ஆறு பேர். அதற்கு மேல் போனால் பட்டறைக்குள் நிற்க இடமில்லை, நெசவாளர் வீட்டுக்குள் நுழையவே முடியாது.

5.45 மணி: ஐந்து பாலங்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கி.மீ. தான். அந்த 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகளைக் கடக்கிறீர்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. ஊருக்குத் திருவையாறு என்று பெயர் வந்ததற்கு இதைத்தான் சொல்வார்கள். வழிகாட்டி ஒவ்வொரு பாலத்திலும் பெயரைச் சொல்லட்டும், நீங்கள் எண்ணிக்கொண்டே வாருங்கள். படுகை என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது. கல்லணையில் காவிரியிலிருந்து பிரிவது வெண்ணாறு. வெட்டாறும் வடவாறும் அந்த வெண்ணாற்றின் கிளைகள். குடமுருட்டி காவிரியின் கிளை. கடலை நெருங்க நெருங்க ஆறு பெருத்துப் போவதற்குப் பதிலாகப் பிரிந்து பிரிந்து மெலிகிறது. பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் வேகம் குறைந்து வண்டலை விட்டுப் போகிறது. இன்று முழுவதும் நீங்கள் பார்க்கப்போகும் விக்கிரகம், விளக்கு, வெற்றிலை, நெல் எல்லாவற்றுக்கும் அந்த வண்டல்தான் அடிப்படை.

கல்லணையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டால் வேண்டாம். அது எதிர்த்திசையில் 45 கி.மீ. தள்ளி இருக்கிறது. போனால் சுவாமிமலையின் காலை வேலையை இழப்பீர்கள். திருச்சியிலிருந்து வருகிறவர்கள் மட்டும் ஐந்து மணிக்கே கிளம்பி, கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாற்றுக்கு வரலாம்.

திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் அரை மணி நேரம் உட்காருங்கள். குளிப்பதாக இருந்தால் உள்ளூர்க்காரர் குளிக்கும் படியில், இடுப்பளவு ஆழத்துக்குள் மட்டும். ஆற்றில் மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. ஓரத்தில் முழங்கால் ஆழம் இருக்கும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளி ஆள் ஆழம் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

7.00 மணி: அசோகா

காலைச் சாப்பாடு இட்லியோ பொங்கலோ எதுவாக இருந்தாலும், கூடவே திருவையாற்று அசோகா ஒரு தட்டு. பாசிப்பருப்பு அல்வா என்று இதைச் சொல்லலாம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவது இந்தப் பக்கத்து விவசாயம். நெல் அறுத்த பிறகு தனியாக உழாமல், வயலின் ஈரத்திலேயே அந்தப் பயறு வளரும். பாசிப்பருப்பு இங்கே இனிப்புக்குள்ளும் குழம்புக்குள்ளும் நுழைந்திருப்பதில் வியப்பில்லை.

வீட்டில் செய்ய அளவு: பாசிப்பருப்பு 1 கப், சர்க்கரை 2 கப், நெய் முக்கால் கப், கோதுமை மாவு 2 மேசைக்கரண்டி, முந்திரி 10, ஏலக்காய் 4, கேசரிப் பொடி ஒரு சிட்டிகை. பருப்பை வாசனை வரும் வரை லேசாக வறுத்து, இரண்டரைக் கப் தண்ணீரில் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். அடிகனமான வாணலியில் நான்கு கரண்டி நெய்யை விட்டு முந்திரியை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் மாவைப் பச்சை வாசனை போக வறுக்க வேண்டும். பிறகு பருப்பைப் போட்டுக் கட்டி கரையும் வரை கிளறுங்கள். அதற்கப்புறம்தான் சர்க்கரை. சர்க்கரை விழுந்ததும் கலவை இளகும், பயப்பட வேண்டாம். கேசரிப் பொடியைச் சேர்த்து, மீதி நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே, ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை கிளறி, முந்திரியும் ஏலப்பொடியும் தூவி இறக்குங்கள்.

கெடுவது மூன்று இடத்தில். வெந்த பருப்பில் தண்ணீர் நின்றால் எவ்வளவு கிளறினாலும் சுருளாது. கட்டி கரையும் முன் சர்க்கரை போட்டால் கட்டி அப்படியே நின்றுவிடும். பருப்பைச் சிவக்க வறுத்தால் நிறமும் மணமும் மாறி, அசோகா என்று சொல்ல முடியாத ஒன்று கிடைக்கும். கடையில் சாப்பிடும்போது சூடாகக் கேட்டு வாங்குங்கள். ஆறிய அசோகாவில் நெய் உறைந்து நாக்கில் பிடிக்கும்.

9.00 மணி: சுவாமிமலை, இரண்டு மணி நேரம்

திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் வழியாகக் காவிரியை ஒட்டி வரும் சாலை. 30 கி.மீ. தான், ஆனால் சாலை குறுகலானது, ஒரு மணி நேரம் வையுங்கள். முருகன் கோயில் இருப்பது கட்டுமலை, அதாவது கட்டி எழுப்பிய செயற்கைக் குன்று. மேலே ஏறும் 60 படிகள் 60 தமிழ் ஆண்டுகளைக் குறிப்பவை. தரிசனம் வேண்டுமென்றால் முதல் வேலையாக முடித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

தாராசுரம் கோயில் கட்டிய காலத்தில் வந்த ஸ்தபதிகள் இங்கே தங்கிவிட்டார்கள் என்பது இவ்வூரில் வழங்கும் செய்தி. தங்கியதற்குக் காரணமாக அவர்கள் காட்டுவது ஆற்று வண்டலைத்தான். அவ்வளவு நயமான மண் இல்லாவிட்டால் விக்கிரகத்தின் விரல் நகமும் நகையின் மணியும் அச்சில் பதியாது.

பார்க்க வேண்டிய வரிசை இது. ஒரே விக்கிரகத்தின் எல்லாக் கட்டமும் ஒரே நாளில் இருக்காது. வெவ்வேறு விக்கிரகங்கள் வெவ்வேறு கட்டத்தில் கிடக்கும். வழிகாட்டி உங்களை இந்த வரிசையில் நகர்த்த வேண்டும்.

முதலில் அளவு. தென்னங்கீற்று ஒன்றை விக்கிரகத்தின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்துத் தால அளவுகளை, அதாவது சிற்ப நூல் சொல்லும் உறுப்பு விகிதங்களை, குறித்துக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று எல்லாம் அந்த ஓலையின் மடிப்பில் இருக்கும். உலோக அளவுகோல் வந்த பிறகும் ஓலையைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு. ஓரடி விக்கிரகமானாலும் ஆறடியானாலும் கணக்குப் போடாமல் மடிப்பிலேயே விகிதம் வந்துவிடும்.

அடுத்து மெழுகு. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் உருக்கிக் கலந்தது. வெயில் காலத்தில் குங்கிலியம் கொஞ்சம் கூடும், குளிரில் எண்ணெய் கூடும். கை, கால், உடல், தலை தனித்தனியாகப் பிடித்துச் சூட்டுக்கோலால் ஒட்டுவார்கள். வளையாமல் இருக்கத் துண்டுகளைத் தண்ணீர்த் தட்டில் போட்டு வைப்பதைப் பார்க்கலாம். குழந்தைகளைக் கூட்டி வந்தால் கேட்டுக்கொண்டு ஒரு துளி மெழுகைக் கையில் உருட்டிப் பார்க்க விடுங்கள். செய்துகொண்டிருக்கும் உருவத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது.

மூன்றாவது மண் கட்டுவது. முதல் பூச்சு, உமிக்கரியோடு மாவாக அரைத்த வண்டல். மெல்லியதாகப் பூசி நிழலில் காயவிடுவார்கள். அடுத்தது வயல் களிமண்ணும் மணலும். கடைசிப் பூச்சு கரடாக, கம்பி கட்டிக் கனமாக. ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் மண் வெடிக்கும், வெடிப்புக்குள் உலோகம் புகுந்து விக்கிரகத்தில் கோடு கோடாக நிற்கும்.

பிறகு வறட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். உள்ளே விக்கிரகத்தின் வடிவத்தில் வெற்றிடம் கிடைக்கிறது. 1 கிலோ மெழுகு வைத்த அச்சுக்கு 8 முதல் 10 கிலோ வரை உலோகம் வேண்டும். மெழுகை எடை போட்டே உலோகத்தைக் கணக்கிடுவார்கள். பஞ்சலோகம் என்றாலும் பெரும்பகுதி செம்புதான். பித்தளையும் ஈயமும் கொஞ்சம், வெள்ளியும் தங்கமும் சிறிதளவு. அச்சைத் தரையில் புதைத்து, சூடாக இருக்கும்போதே மூசையிலிருந்து (உலோகம் உருக்கும் கலம்) நூல் அறுபடாமல் ஊற்ற வேண்டும். இடையில் ஒரு நொடி நின்றாலும் அந்த இடத்தில் ஒட்டாத வரி விழும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவியாகி உலோகத்தை வெளியே தெறிக்க வைக்கும். ஊற்றும் நாளில் போனால் பத்தடிக்கு அப்பால், வாசல் பக்கமாக நில்லுங்கள். நைலான் உடை வேண்டாம், செருப்பு அல்ல, மூடிய காலணி வேண்டும். படம் எடுக்கிறேன் என்று குனியவே கூடாது.

ஆறிய பிறகு மண்ணை உடைத்து எடுப்பார்கள். அச்சு போய்விட்டது, மெழுகும் போய்விட்டது. அதனால் இந்த முறையில் ஒரு விக்கிரகத்தைப் போல் இன்னொன்று கிடையாது. உடைத்து எடுத்தது கரடாக, கறுப்பாக, குழாய்கள் நீட்டிக்கொண்டு இருக்கும். அரத்தாலும் உளியாலும் சீவி முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

வாங்குகிறவர்கள் கவனிக்க. முழுக் கனமா, உள்ளே பொள்ளலா என்று கேட்டு, எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முகத்தை நன்றாகச் செய்துவிட்டு முதுகில் அவசரப்பட்டிருந்தால் அது அவசர வேலை. விரல்களுக்கு இடையில் உளி போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டு போவதாக இருந்தால் பில் மட்டும் போதாது. பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலைகள் நாட்டை விட்டு வெளியேற முடியாது. புதியது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரின் உற்பத்தி மையமும் இவ்வூரில் இருக்கிறது. முதல்முறை வாங்குகிறவர்கள் அங்கே போய் விலையைத் தெரிந்துகொண்டு மற்ற இடங்களுக்குப் போகலாம்.

11.15 மணி: காபியும் வெற்றிலையும்

கும்பகோணம் 8 கி.மீ. நெடுஞ்சாலை ஓரத்தில் எல்லா இடத்திலும் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை இருக்கும். பித்தளை டபராவை வைத்துவிட்டால் டிகிரி காபி ஆகிவிடாது. பாலின் கெட்டித்தன்மையைக் கருவி வைத்துப் பார்த்து, தண்ணீர் கலக்காத பால் இத்தனை டிகிரி என்று சொன்னதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். பால்தான் விஷயம். கறந்த பால், அன்றைக்கே காய்ச்சியது, ஒருமுறைக்கு மேல் சூடேற்றாதது.

இரண்டு பேருக்கு: புதிதாக அரைத்த தூள் 3 மேசைக்கரண்டி குவியலாக, கொதித்த தண்ணீர் 150 மில்லி. தூளை அமுக்காமல் பரப்பி, தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடி, 20 நிமிடம் விடுங்கள். டிகாக்ஷன் 1 பங்கு, பால் 3 பங்கு. தூளை அழுத்தினால் சொட்டாது, சொட்டவில்லையே என்று தட்டினால் கசடு இறங்கும். இரண்டாவது டிகாக்ஷனில் போட்ட காபியை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரிக் கரையோரக் கொடிக்கால்களில் அகத்தி மரத்தில் ஏற்றி வளர்க்கிறார்கள். வழிகாட்டிக்குத் தெரிந்த கொடிக்கால் இருந்தால் சுவாமிமலையிலிருந்து வரும் வழியில் பதினைந்து நிமிடம் நிறுத்தலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது அவர்களுக்குச் சாமி இருக்கும் இடம். உள்ளே நுழைந்ததும் வெயில் மறைந்து குளிர்ச்சி தெரியும். அந்த நிழலும் ஈரமும்தான் இலையை இளசாக வைக்கிறது. கடைத்தெருவில் கவுளிக் கணக்கில் கேளுங்கள், கவுளிக்கு 100 இலை.

12.00 மணி: நாச்சியார்கோவில் விளக்கு

திருவாரூர் சாலையில் 10 கி.மீ. ஒரு மணிக்குப் பட்டறையில் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். அதனால்தான் உங்கள் சாப்பாட்டை முன்னால் வைக்காமல் இதை வைத்திருக்கிறோம்.

சுவாமிமலையில் பார்த்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இங்கே மெழுகு இல்லை. மரப் பெட்டிக்குள் வண்டல் மண்ணை இறுக்கி, மாதிரியைப் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் பித்தளையை ஊற்றுகிறார்கள். மாதிரி திரும்பத் திரும்பப் பயன்படும். குத்துவிளக்கு ஒரே வார்ப்பல்ல. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசலில் பிடித்துக் கடைந்து, மரை போட்டுத் திருகிச் சேர்ப்பார்கள். கடைசல் ஓடும்போது பித்தளைச் சுருள் பொன் நூல்போல் தெறித்து விழும். பார்க்க அழகு, பாதத்தில் குத்தினால் ஆழமாக இறங்கும்.

விளக்கை எடை போட்டு விற்பார்கள். தேர்ந்தெடுத்ததைச் சமதரையில் வைத்து மெல்லத் தட்டுங்கள், ஆடக் கூடாது. ஒவ்வொரு மரையையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். பாதியில் இறுகினால் மரை சரியில்லை, வீட்டில் ஒரு தீபாவளிக்குத் துலக்கும்போது மாட்டிக்கொள்ளும். தட்டில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து அடியில் விரலால் தடவ வேண்டும். வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் ஈரம் தெரியும். அந்தத் தட்டு எண்ணெய் கசியும், மெருகுக்குள் துளை கண்ணுக்குத் தெரியாது. இதைச் செய்ய வேண்டாம் என்று நல்ல பட்டறைக்காரர் சொல்ல மாட்டார்.

நேரம் மிச்சமிருந்து கோயில் திறந்திருந்தால் கல் கருடனைப் பார்த்துவிட்டு வரலாம். வீதியுலாவில் நான்கு பேர் தூக்கத் தொடங்கி, எட்டு, பதினாறு என்று தூக்குகிறவர்கள் கூடிக்கொண்டே போவது இக்கோயிலின் பெயர்பெற்ற வழக்கம்.

1.30 மணி: இலைச் சாப்பாடு

கும்பகோணத்துக்குத் திரும்புங்கள். வத்தக்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, மோர்க்குழம்பு இவற்றில் எது அன்றைக்கு இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்குங்கள். சாம்பாரோடு நிறுத்திவிட்டு எழுந்தால் இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டதாகாது. கும்பகோணம் கடப்பா மதியத்தில் கிடைக்காது. அது காலையிலும் இரவிலும் இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்வது, பல கடைகளில் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்த குழம்பில் தேங்காய், கசகசா, சோம்பு, பச்சை மிளகாய், பூண்டு அரைத்து விட்டது. மிளகாய்த் தூள் சேராது, அதனால் நிறம் வெளுத்திருக்கும். குருமா நிறத்தில் வந்தால் அது வேறு ஏதோ.

வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், அடுத்து நெசவு வீட்டில் தரையில் உட்கார வேண்டியிருக்கும்.

2.45 மணி: திருபுவனம்

மயிலாடுதுறை சாலையில் 8 கி.மீ. இது சௌராஷ்டிர நெசவாளர் நிறைந்த ஊர். திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்தது. இங்கத்திய சேலையின் அடையாளம் நெய்த முறையில் மட்டுமல்ல, மடிப்பிலும் இருக்கிறது. விசிறி மடிப்பாக மடித்திருப்பார்கள், பிரிக்கும்போது விசிறிபோல் விரியும்.

தறிக்கு முன்னால் உட்காரும்போது பாவு எது, ஊடை எது, ஜக்கார்டு அட்டை எப்படிப் பூவை எடுக்கிறது என்று கேளுங்கள். நெய்கிறவர் நாடாவை (ஊடை நூலைக் கொண்டு செல்லும் கருவி) ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காமல், அவர் நிறுத்தும் வரை காத்திருங்கள். ஓர் இழை தவறினால் அவிழ்த்து நெய்வது அவருடைய கூலியில்லா உழைப்பு. பாவில் கை வைக்கவே கூடாது, கைவியர்வை கறையாக நிற்கும்.

வாங்குவதாக இருந்தால் கூட்டுறவுச் சங்கக் கடையில் சில்க் மார்க்கையும் கைத்தறி முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். வெளியில் வாங்கினால் உள் ஓரத்திலிருந்து ஓர் இழை கேட்டுக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து பொடியாகும். செயற்கை இழை உருகி மணியாக உறையும். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் வகை.

சங்கீதத்தில் பற்று உள்ளவர்கள் திருபுவனத்தைச் சுருக்கிக்கொண்டு ஆடுதுறையைத் தாண்டி நரசிங்கம்பேட்டைக்குப் போகலாம். நாதஸ்வரம் செய்யும் ஊர், 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சா மரத்தில், அதுவும் இடித்த பழைய வீடுகளிலிருந்து எடுத்துப் பல்லாண்டு காய்ந்த மரத்தில் கடைகிறார்கள். பச்சை மரத்தில் செய்தால் துளை கோணி சுருதி போய்விடும். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி என்னும் நீண்ட வகை நாதஸ்வரத்தைச் செம்மைப்படுத்தியது இவ்வூரில்தான். செய்கிறவர்கள் மிகச் சிலரே, முன்னால் பேசாமல் போகவே வேண்டாம். போய் வர ஒரு மணி நேரம் கூடும்.

4.45 மணி: தாராசுரம்

கடைசியில் கோயில். நடுப்பகலில் கோயில் சாத்தியிருக்கும், கல்லும் காலைச் சுடும். ஐந்து மணிக்குத் தரை ஆறிவிடும், தஞ்சாவூர் திரும்பும் சாலையிலேயே இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது, 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது.

ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பலிபீடத்து இசைப் படிகள், சக்கரம் பூட்டிய தேர் மண்டபம், ஒரு பக்கம் மறைத்தால் யானையாகவும் மறுபக்கம் மறைத்தால் காளையாகவும் தெரியும் சிற்பம் இவற்றை வழிகாட்டி எப்படியும் காட்டிவிடுவார். நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் ஓடும் நாயன்மார் கதைச் சிற்ப வரிசை. ஒவ்வொன்றும் முழங்கை உயரம்கூட இருக்காது. காலையில் ஒடியோலை மடிப்பில் பார்த்த விகிதம் அத்தனை சிறிய கல்லிலும் பிசகாமல் நிற்பதைக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த வரிகளும் எழும்.

திரும்பும்போது

6.15-க்குக் கிளம்பினால் ஏழரை மணிக்குள் தஞ்சாவூர். விளக்கை மரைகளைக் கழற்றி, பாகம் பாகமாகத் துணியில் சுற்றி வண்டியின் தரையில் வையுங்கள். பூட்டிய விளக்கைப் படுக்க வைத்தால் குலுங்கலில் மரை தேயும். விக்கிரகத்தை உடலைப் பிடித்துத் தூக்க வேண்டும், கையையோ, பின்னால் வளைந்து நிற்கும் திருவாசியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. பட்டுச் சேலையை அன்றிரவே பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பருத்தித் துணியில் வைத்துவிடுங்கள். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி, மேலே வாழையிலையால் கட்டி நிழலில் வைத்தால் நான்கைந்து நாள் வாடாது. குளிர்சாதனப் பெட்டியின் உறைபனிப் பகுதிக்கு அருகில் வைத்தால் மறுநாள் காலையிலேயே கறுத்துவிடும்.